தோப்பூரில் தீர்ந்த பங்காளிச் சண்டை

தொப்பூர் என்றதும் கொங்குக்காரர்களுக்குச் சேலம் - தர்மபுரி சாலையின் கணவாயும் அங்கே கவிழும் லாரிகளும்தான் ஞாபகத்துக்கு வரும். தென்னிந்தியாவின் பெரிய உள்நாட்டுப் போர் ஒன்று நடந்த தோப்பூர் வேறு. பவானிக் கூடுதுறையைத் தாண்டும் காவிரி, திருச்சியையும் கடந்து கல்லணையைத் தொடுகிற இடத்துக்குப் பக்கத்து ஊர் அது.

1614 அக்டோபரில் விஜயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடர் இறந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. சாகும் தறுவாயில் அண்ணன் மகன் ஸ்ரீரங்கருக்குப் பட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். ராணி ஒருத்தி மட்டும் தனக்குப் பிறந்தது என்று சொல்லி ஒரு சிறுவனை வளர்த்து வந்தாள். அவளுடைய பிறந்த வீட்டைச் சேர்ந்த ஜக்கராயர் அந்தச் சிறுவனை முன்னிறுத்தி, ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு சிறையில் தள்ளினார்.

ஸ்ரீரங்கர் பக்கம் நின்றவர் வேலுகோட்டி யாசம நாயக்கர். அவர் படையை நம்பாமல் ஒரு வண்ணாரை நம்பினார். அரண்மனைத் துணி வெளுக்கப் போய்வந்த அவர், ஸ்ரீரங்கரின் நடு மகன் ராமதேவனை அழுக்கு மூட்டைக்குள் வைத்துக் காவலைத் தாண்டினார். பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயதுபோல இருக்கும். சுரங்கம் தோண்டி மற்றவர்களையும் மீட்கப் பார்த்தது பலிக்கவில்லை. அடுத்த முயற்சியும் அம்பலமானதும், ஸ்ரீரங்கரின் குடும்பமே சிறைக்குள் அழிக்கப்பட்டது. வெளியே வந்த பையன் ஒருவன்தான் மிச்சம்.

அதற்குப் பிறகு நடுநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. மதுரை முத்துவீரப்ப நாயக்கரும் செஞ்சி நாயக்கரும் ஜக்கராயரோடு சேர்ந்தார்கள். பேரரசின் மேலாண்மை தளர்ந்தால் கப்பம் கட்டும் தொல்லை விடும் என்பது அவர்கள் கணக்கு. தஞ்சை இரகுநாத நாயக்கர் யாசமரோடு கைகோத்தார். போர்த்துகீசியப் பாதிரியார் மானுவல் பராதாஸ், 1616 டிசம்பர் 12 தேதியிட்ட கடிதத்தில், திருச்சி வெளிகளில் பத்து லட்சம் வீரர்கள்வரை கூடியிருப்பதாகக் கொச்சியிலிருந்து எழுதினார். கொச்சிக்கு எட்டிய பேச்சில் எண்ணிக்கை ஊதியிருக்கலாம். ஆனால் தெற்கே அந்நாளில் பெயர்பெற்ற நாயக்கர் அரசுகள் மூன்றும் அங்கே நின்றது உண்மை.

தஞ்சையை மடக்க ஜக்கராயர் தரப்பு காவிரி அணையை உடைத்ததாக, இரகுநாதரின் அவையிலிருந்த கவிஞர் இராமபத்ராம்பா தன் சமஸ்கிருதக் காவியத்தில் பாடுகிறார். வென்ற பக்கத்துச் சாட்சி என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் டெல்டாவுக்குத் தண்ணீர் தரும் அணையை உடைத்தால் என்ன ஆகும் என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். இரகுநாதர் வரிந்துகட்டி இறங்கியதற்கு அது ஒன்றே போதும்.

தோப்பூர்ப் போர்க்களத்தில் ஜக்கராயர் விழுந்தார். தம்பி எதிராஜர் தப்பி ஓடினார். மதுரையும் செஞ்சியும் தோற்றன. இரகுநாதர் கும்பகோணத்தில் வைத்து ராமதேவனுக்கு முடி சூட்டினார்.

வென்றவர்களுக்கும் கடைசியில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. சண்டையை முடித்துக்கொள்ள ராமதேவர் அந்த எதிராஜரின் மகளையே மணந்தார். அப்பன் குடும்பத்தைத் தீர்த்தவன் வீட்டில் பெண்ணெடுத்தது பொறுக்காமல், அவருக்காகவே போராடிய யாசமர் விலகிப் பகைத்தார். 1632-இல் ராமதேவர் இறந்தபோது அவருக்கும் வாரிசு இல்லை. மறுபடி பங்காளித் தகராறு. 1639-இல் மதராசப்பட்டணம் ஆங்கிலேயருக்குப் போனது இந்தத் தளர்ந்த பேரரசின் கீழ்தான்.

கொங்கு நாட்டிலும் இதன் சூடு தெரிந்தது. மதுரை நாயக்கர்களுக்கும் மைசூர் உடையார்களுக்கும் மேலே நின்று கட்டுப்படுத்தும் கை இல்லாமல் போனது. மைசூர்ப் படை மலையிறங்கி வந்தது. 1667-இல் தொட்ட தேவராஜர் ஈரோட்டையும் தாராபுரத்தையும் பிடித்தார். தோப்பூர் ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. கதவைத் திறந்துவிட்டதில் அதற்குப் பங்கு உண்டு. கொங்கின் அந்தியூர் வட்டாரம் மைசூர் ஆட்சியிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது, 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகுதான்.