அயர்லாந்து மகளிர் பெயர்களும் அவற்றின் பொருளும்

அயர்லாந்து நாட்டுப் பெண்மக்கட் பெயர்களை அகரநிரற்படுத்தி, ஒவ்வொன்றற்கும் எதிரே ஒரு பொருளைச் சுட்டிச் செல்லும் சிறுநூல்கள் ஆங்கிலத்திற் பல உள. அவற்றைப் பயில்வார், ‘டேர்ட்ரி’ என்பது துயரம், ‘பிரிஜிட்’ என்பது எரியம்பு, ‘அபிகேல்’ என்பது தந்தையின் மகிழ்ச்சி என அறிந்து அமைவர். இம்மூன்று விளக்கங்களும் வெவ்வேறு வகையாற் பொருந்தாமையை ஈண்டு ஆராய்வாம். நன்னூலார் வகுத்த இடுகுறி, காரணம் என்னும் பாகுபாட்டை மனத்துட்கொண்டு நோக்கின், பெயர் இட்ட காலத்திருந்த காரணம் வேறு, பின்னோர் கற்பித்த காரணம் வேறு என்பது தெளிவாம்.

முன்னர் எழுத்தைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். ஐரிஷ் மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் கெல்திக் கிளையைச் சார்ந்தது. உரோமன் எழுத்தால் எழுதப்படினும் அதன் ஒலிப்புமுறை ஆங்கிலத்தினின்றும் பெரிதும் வேறுபட்டது. பி என்னும் எழுத்தை எச் அடுத்து வரின் வகர ஒலி பிறக்கும். ஆதலின், எழுத்தை நோக்கிச் ‘சியோபன்’ என நம்மவர் எழுதும் பெயர் உண்மையில் ‘ஷிவான்’ ஆகும். விளிக்குங்கால் பெயரின் முதலொலியே திரிதல் அம்மொழியின் தனி இயல்பு. ‘மாய்ரா’ என்பாளை அழைப்போர் ‘அ வாய்ரா’ என்பர். தொல்காப்பியனார் விளிமரபிற் கூறும் இகரம் ஈகாரமாதல் முதலியன ஈற்றில் நிகழ்வன. ஐரிஷ் மொழியிலோ முதலிலும் திரிபு நிகழும். செவிவழிக் கேட்டுப் பெயரெழுதிய அயன்மொழியாளர் இடர்ப்பட்டமைக்கு இஃதும் ஒரு காரணம்.

டேர்ட்ரி என்பாள் ‘உஷ்லுவின் மைந்தர் நாடுகடந்தமை’ என்னும் பழங்கதையின் தலைவி. 12ஆம் நூற்றாண்டு ஏடாகிய லெயின்ஸ்டர் நூலில் அக்கதை காணப்படுகின்றது. அவள் தாய் வயிற்றிருந்தபோதே அலறினாள். அவளால் நாட்டிற்குக் கேடு விளையும் என நிமித்திகன் உரைத்தான். கதை துயரமுடையது. ஆயின், பெயரின் வேர் துயரப் பொருளது என்பதற்குச் சான்றில்லை. பெயரை ஒலித்தற் பொருளோடு இணைத்துக் கதையே பேசுகின்றது. வேர்ச்சொல் இதுவென அறிஞர் இன்னும் துணிந்திலர். 1906ஆம் ஆண்டு ஏட்ஸ் எழுதிய நாடகமும், 1910ஆம் ஆண்டு அரங்கேறிய சிஞ்சின் நாடகமும் அக்கதையைப் பரப்பிய பின்னரே இப்பெயர் மகளிர்க்குப் பரவலாக வழங்கலாயிற்று. சிஞ்ச் தம் நாடகத் தலைப்பிலேயே துயரத்தைச் சேர்த்தனர். தலைப்பின் அடைமொழி பெயரின் பொருளாக மாறிவிட்டது.

பிரிஜிட் என்பதன் வரலாறு இன்னும் சுவையுடையது. இதன் பழைய வடிவம் ‘பிரிகித்’. இன்று ‘பிரீத்’ எனக் குறுகி ஒலிக்கும். ‘எரியம்பு’ என்னும் விளக்கம் இக்காலத்தார் படைத்ததன்று. 908ஆம் ஆண்டு இறந்த காசெல் மன்னரும் ஆயருமான கோர்மக்கின் பெயரால் வழங்கும் சொற்றொகுதியிலேயே அது காணப்படுகின்றது. அந்நூல் ஒரு சொல்லை இரண்டாகப் பிரித்து, இரு பகுதிக்கும் பொருள் கூட்டிக் காரணம் காட்டும் போக்கினது. ஆயிரமாண்டுப் பழமை உடையது என்பதனால் அவ்விளக்கம் மெய்யாகிவிடாது. பிரிகித் என்பது ‘உயர்ந்தவள்’ எனப் பொருள்படுவது. வடமொழிப் ‘பிருகதீ’ என்பதனோடு உறவுடையது. உரோமர் காலத்துப் பிரித்தானியக் கல்வெட்டுகளிற் காணும் ‘பிரிகாந்தியா’ என்னும் தெய்வப் பெயரும் அவ்வேரினதே. அதே சொற்றொகுதி பிரிகித்தைப் புலவர் வழிபடு தெய்வம் எனக் குறித்தல் கருதத்தக்கது. சொற்பிறப்பிற் பிழைபட்ட நூல் சமய வரலாற்றிற்குப் பெருஞ்சான்றாய் நிற்கின்றது.

உறவுமொழிகளின் துணையால் விளங்கும் பெயர்கள் வேறும் உள. கான்னாக்ட் நாட்டு அரசி மேவ் என்பாளின் பெயர் ‘மயக்குபவள்’ எனப் பொருள்படும் எனப் பலரும் கொள்வர். வடமொழி ‘மது’ அதற்கு உறவு. ‘சொரஃகா’ என்பது ஒளியுடையது; அதன் மறுதலை ‘தொரஃகா’, இருளுடையது. இவற்றின் முதனிலைகள் வடமொழி ‘சு’, ‘துர்’ என்பனவற்றோடு ஒப்பன. ‘ஓர்லா’ என்பது பொன், ஆட்சி என்னும் இரு சொற்களாலாய தொகை.

நார்மானியர் 1169ஆம் ஆண்டு வந்திறங்கிய பின்னர்ப் பிரெஞ்சுப் பெயர்கள் புகுந்தன. ‘ழெஆன்’ ஷிவான் ஆயிற்று. ‘ழனெத்’ ஷினேட் ஆயிற்று. ‘கத்லீன்’, ‘நோரா’ என்பனவும் அவ்வழி வந்தனவே. இன்று ஐரிஷ் தன்மைக்கு அடையாளமாகக் கருதப்படும் பெயர்களிற் பல வந்தேறிகள் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. மரியன்னையின் பெயர்க்கு மட்டும் ஐரிஷ் மக்கள் தனிமதிப்பு அளித்தனர். அன்னையைக் குறிக்க ‘முய்ரா’ என்னும் வடிவைத் தனியே ஒதுக்கி, பெண்களுக்கு ‘மாய்ரா’ என்னும் வடிவையே இட்டனர்.

இனி அபிகேலுக்கு வருவாம். இது எபிரேயப் பெயர். தந்தையின் மகிழ்ச்சி என்பது எபிரேயத்திற்குப் பொருந்தும். ஆயின், தென்மேற்கு அயர்லாந்தில் இப்பெயரால் எழுதப்பட்ட பெண்களிற் பலர் வீட்டில் ‘கோப்னத்’ என அழைக்கப்பட்டவர்கள். கோப்னத் என்பார் கார்க் மாவட்டத்துப் பாலிவூர்னியில் வழிபடப்பெறும் தூயவர், தேனீக்களின் காவலர், பிப்ரவரி 11 அவர்தம் விழா நாள். அப்பெயர் கொல்லனைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது. ஆங்கிலத்தில் அதற்கு நிகரில்லை. எனவே அபிகேல் என்றும், எபிரேயத்தில் தேனீ எனப் பொருள்படுதலால் ‘டெபோரா’ என்றும் மாற்றினர். இவ்வாறே சொரஃகா ‘சாரா’ ஆனாள். மேவ் ‘மேபெல்’ ஆனாள். ஒலி சிறிது ஒத்தது என்பதன்றி இவற்றிற்கு வேறு காரணம் காணோம்.

அயர்லாந்தில் எல்லாச் சமயத்தார்க்குமான பிறப்புப் பதிவு 1864ஆம் ஆண்டு தொடங்கிற்று. பதிவேடு ஆங்கிலத்தில் இயன்றது. பாட்டியின் பெயரைப் பேர்த்திக்கு இடுதல் அந்நாட்டிலும் பெருவழக்கு. பெயரன், பெயர்த்தி என்னும் சொற்களையே அவ்வழக்கால் ஆக்கிக்கொண்ட நமக்கு அதன் ஆழத்தை விரித்துரைக்க வேண்டா. பெற்றோர் பொருளை நோக்கிப் பெயரிட்டிலர். முன்னவளை நோக்கியே இட்டனர். பாட்டி கோப்னத் ஆகவும் பேர்த்தி ஏட்டில் அபிகேல் ஆகவும் நிற்பின், அத்தொடர்பு ஏட்டளவில் அறுந்துபோகின்றது. குடிவழி ஆராய்வோர் இவ்விடத்திலேதான் பெரிதும் தடுமாறுவர். அப்பேர்த்தியின் பெயர்க்குப் பொருள்நூல் ‘தந்தையின் மகிழ்ச்சி’ எனக் கூறுவது, அவளுக்கு இடப்படாத பெயரொன்றன் பொருளைக் கூறுவதாகும்.

டக்ளஸ் ஹைடு 1892ஆம் ஆண்டு டப்ளின் நகரில் ஆற்றிய சொற்பொழிவில், தம் மக்கள் தம் பெயர்களை ஆங்கிலப்படுத்திக்கொள்வதைக் கடிந்தனர். அடுத்த ஆண்டு கேலிக் கழகம் தோன்றிற்று. 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்புப் படிவங்களிற் சிலர் தம் பெயரை ஐரிஷ் மொழியிலேயே எழுதினர்.

புறநாட்டில் ஐரிஷ் பெயர் எனப் போற்றப்படுவன சிலவற்றையும் குறித்தல் தகும். ‘காலீன்’ என்பது பெண் என்னும் பொதுப்பெயரே; அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அது இயற்பெயர் ஆயிற்று. ‘ஃபியோனா’ 18ஆம் நூற்றாண்டில் ஸ்காத்லாந்தினராகிய மக்ஃபர்சன் புனைந்தது. அதன் அடிச்சொல் வெண்மை குறித்தது. ‘சீர்ஷா’ என்பதோ விடுதலை எனப் பொருள்படும் வழக்குச்சொல். பழைய குடிவழிப் பட்டியல்களில் இல்லாதது. 20ஆம் நூற்றாண்டில் நாட்டு விடுதலையை ஒட்டிப் பெண்மக்களுக்கு இடப்பெற்றது. இதன் பொருளில் மட்டும் பொருள்நூல்கள் தம்முள் மாறுபடுவதில்லை.