உணர்வற்ற பாதமும் ஊனமுற்ற நாயும்



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாகனத்தில் அடிபட்டு, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு போகும் தெருநாய்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றை வீட்டில் வைத்துப் பராமரிக்கிறவர்களும் உண்டு. பராமரிக்கிறவரே பல வருடமாக நீரிழிவோடு வாழ்கிறவராகவும் இருக்கலாம். "உன் உடம்பைப் பார்க்கவே நேரமில்லை, உனக்கு நாய் எதற்கு?" என்று உற்றார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேட, நம் வேலூரில் நடந்த ஒரு காரியத்தை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

டாக்டர் பால் பிராண்ட் 1946ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் விரல்களைத் தானாகவே அழுகச் செய்கிறது என்று அக்காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். உணர்வு போய்விடுவதால் சூடும் வெட்டும் அழுத்தமும் நோயாளிக்குத் தெரிவதில்லை, விரல்கள் தேய்வதற்குக் காரணம் அந்தக் காயங்களே என்று அவர் கண்டறிந்தார். சிலருடைய விரல்களை இரவில் எலிகள் கடித்தும் அவர்கள் விழிக்கவில்லை. ஆகவே வீடு திரும்பும் நோயாளிகள் பூனை வளர்க்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. உணர்வில்லாத கையை ஒரு சிறிய பிராணி காவல் காத்தது!

நீண்டநாள் நீரிழிவிலும் பாதத்தின் உணர்வு இப்படியே குறையலாம். செருப்பில் கிடக்கும் சிறு கல் புண்ணாக்கும், வலி இராது. முதுகுத்தண்டு அடிபட்ட நாய்க்கும் இதே நிலைமைதான். படுத்த இடத்தில் தோல் அழுந்திப் புண் வரும், தரையில் இழுபடும் கால் தேயும், நாய்க்கோ ஒன்றும் தெரியாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: வலி செய்யவேண்டிய வேலையைக் கண் செய்யவேண்டும். தினமும் பார்க்கவேண்டும்.

இப்படிப்பட்ட நாய்க்குச் செய்யவேண்டியவை இவை. மெத்தென்ற, ஈரமில்லாத படுக்கை வேண்டும். தானே திரும்ப முடியாவிட்டால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடவேண்டும். சிறுநீர் தானாக வெளியேறாவிட்டால் அடிவயிற்றை மெதுவாக அழுத்தி, நாளுக்கு மூன்று நான்கு முறை வெளியேற்றவேண்டும். இதைக் கால்நடை மருத்துவரிடம் நேரில் கற்றபிறகே செய்யலாம். சிறுநீர் தேங்கினால் கிருமி பிடித்துச் சிறுநீரகத்தையும் தாக்கும். சக்கரவண்டி பொருத்தினால் சிறிது நேரம் ஓடவிட்டு, உராய்ந்த இடங்களைப் பார்த்துக் கழற்றிவிடவேண்டும்.

இந்த ஒழுங்கு பராமரிக்கிறவருக்கும் உதவும். காலையில் நாயின் தோலைப் பார்க்கும் வேளையில் தன் பாதத்தையும் கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும். நாய்க்குச் சோறு வைக்கும் வேளையைத் தன் மாத்திரைக்கும் வேளையாக்கிக்கொள்ளட்டும். இன்னொரு ஜீவன் காத்திருக்கிறது என்பதால் படுக்கையைவிட்டு எழும் நாட்களும் உண்டு.

ஆனால் எச்சரிக்கையும் தேவை. லாசருவின் புண்களை நாய்கள் நக்கினதை லூக்கா 16இல் வாசிக்கிறோம். இன்று அதற்கு இடங்கொடுக்கக் கூடாது. நீரிழிவுப் புண்ணில் நாயின் எச்சிலால் கடுமையான தொற்று உண்டாகலாம். சிறுநீரைத் துடைக்கும்போது கையுறையும் செருப்பும் அவசியம். எலிக்காய்ச்சல் அவ்வழியாகப் பரவும். விபத்தின்றித் திடீரென்று கால் விளங்காமல், தாடை தொங்கி எச்சில் வடிக்கும் நாயைத் தொடவே வேண்டாம். அது வெறிநோயாக இருக்கலாம். கடித்தாலோ கீறினாலோ சோப்புப்போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போடவேண்டும்.

வேலூரின் டாக்டர் மேரி வர்கீஸை நம்மில் பலர் அறிவோம். 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக முன்நின்றார். நோயாளி என்றால் பெறுகிறவர் மட்டுமே என்ற எண்ணத்தை அவருடைய வாழ்க்கை மாற்றிற்று. பெறுகிறவரும் கொடுக்கலாம்.

ஆனாலும் தனியாகக் கொடுக்க அவரால் முடியாது. 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கும், 1959இல் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பின் கிண்டி நிலையத்துக்கும் ஆவடியிலிருந்து ஒரு நாயைத் தூக்கிச் செல்வது, கால் புண் உள்ளவருக்கு எளிதல்ல. அவர் மருத்துவமனையில் படுத்துவிட்டால் நாயைப் பார்க்க ஆளில்லை என்பதால் சிகிச்சையையே தள்ளிப்போடுவார். அந்தத் தாமதத்தில் காலே போய்விடலாம். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், "நாயை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லுங்கள். அந்த நாலு நாள் உதவி ஒருவருடைய பாதத்தைக் காப்பாற்றும்.