உறையில் இட்ட ஆயுதம்

சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலையும் நேரத்தில் வயது முதிர்ந்த தாய் ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய மகன் அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்து டாலஸ் நகரில் வேலை பார்க்கிறான். "சாமி, கடையிலே அவனுக்கு முன்னாலே நின்றவர் இடுப்பிலே துப்பாக்கி கட்டியிருந்தாராம். போலீஸ்காரர் இல்லையாம். பக்கத்திலே அவர் பிள்ளை மிட்டாய் கேட்டு நின்றதாம். இப்படியும் உண்டா? இது பாவமில்லையா, சாமி?" என்று கேட்டார். உண்டு என உடனே கூறினோம். பாவமா என்பதற்குக் கோவில் வாசலில் நின்று ஒரே சொல்லில் விடையளிக்க இயலவில்லை. அவ்விடையை இங்கே எழுதுகிறோம்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். அமெரிக்காவிலோ ஆயுதம் வைத்திருத்தல் மக்களின் உரிமையென, 1791-இல் அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தமாகவே எழுதப்பட்டது. ஆயினும் அதனை அணிந்து பொது இடங்களில் நடமாடுவது பற்றி ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே சட்டம் வகுத்தது. டெக்ஸாஸ் மாநிலமே 1871-இல் கைத்துப்பாக்கி கொண்டு செல்வதைப் பொதுவாகத் தடை செய்திருந்தது என்றால் பலர் வியப்படைவர். 1995-இல் இயற்றிய சட்டம், உரிமம் பெற்றவர் அதனை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல இடமளித்தது. 2016 ஜனவரி 1 முதல் அவர்கள் பிறர் கண்ணுக்குத் தெரியும்படி அணியலாம் என்றாயிற்று. 2021 செப்டம்பர் 1 முதல், சட்டம் விலக்காத 21 வயது நிரம்பியவர்க்கு உரிமமும் வேண்டியதில்லை. ஒரு நிபந்தனை மட்டும் மாறவில்லை: வெளியே தெரியும் கைத்துப்பாக்கி உறைக்குள் இருத்தல் வேண்டும்.

முதன்முறையாக அதனை வெளிப்படையாக அணிந்து புறப்படும் குடும்பத் தலைவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஏறத்தாழ ஒரு கிலோ எடை அவர் இடைவாரில் தொங்குகிறது. எல்லோரும் தம்மையே பார்ப்பதாக அவர் உணர்கிறார். கை தானாகவே உறையை நாடுகிறது. ஆனால் தேவையின்றி அதனைத் தொடலாகாது. எவரேனும் ஏசினாலும் மறுமொழி கூறாமல் விலகிச் செல்ல வேண்டும் என்றே நல்ல பயிற்சியாளர் கற்பிக்கின்றனர். ஆயுதம் தாங்கியவன் சினம் கொண்டால் சிறு சச்சரவும் சாவில் முடியும் என்பதை அவர்கள் அறிவர்.

அவருடைய அச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. 2017 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. டெக்ஸாஸின் சதர்லாண்ட் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில், பாப்திஸ்து சபைக் கோவிலில் வழிபட்டோர் மீது ஒருவன் சுட்டான். தாயின் வயிற்றிலிருந்த சிசு உட்பட 26 உயிர்கள் மாண்டன. 2019 டிசம்பர் 29 அன்று அதே மாநிலத்தில், வொயிட் செட்டில்மென்ட் என்னும் ஊரின் கோவிலில் ஒருவன் இருவரைக் கொன்றான். அவன் சுடத் தொடங்கிய ஆறே நொடிகளில், காவலுக்கு இருந்த சபையார் ஒருவர் அவனைச் சுட்டு வீழ்த்தினார். பிறர் உயிருக்குப் பொறுப்பானவர் அவர்களைக் காத்தல் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகலாம் என்று திருச்சபையும் போதிக்கிறது. எனவே ஆயுதம் தாங்குவதே பாவம் என்று நாம் தீர்ப்பிட முடியாது.

ஆயினும் கண்ணுக்குத் தெரியும் ஆயுதம், அதை அணிந்தவர் வாய் திறக்குமுன்னரே பேசிவிடுகிறது. அவர் "நான் காவலன்" என்று எண்ணுகிறார். எதிரே வருபவருக்கோ அவர் காவலனா கொலைஞனா என்பது தெரியாது. 2016 ஜூலை 7 அன்று டாலஸ் நகரில் அமைதியாக நடந்த ஓர் ஊர்வலத்தின் முடிவில், ஒருவன் மறைந்திருந்து சுட்டு ஐந்து காவலரைக் கொன்றான். ஊர்வலத்தில் சட்டப்படியே நீள்துப்பாக்கி ஏந்தி வந்தவர் சிலர் இருந்தனர். அவர்களில் ஒருவரைக் கொலைகாரன் என ஐயுற்று, காவல்துறை அவர் படத்தை வெளியிட்டுவிட்டது. அவர் குற்றமற்றவர் எனப் பின்னரே தெரிந்தது. சுட்டவன் எவன், சும்மா நின்றவன் எவன் என்று அறிவது கடினம் என நகரக் காவல்துறைத் தலைவரும் கூறினார்.

அவ்வாண்டின் தொடக்கத்திலேயே, டாலஸ் ஆயராயிருந்த கெவின் ஃபாரல் தம் மறைமாவட்டக் கோவில்களுக்குள் துப்பாக்கி கொண்டு வருவதைத் தடை செய்திருந்தார். பின்னர் கர்தினாலாகி, 2025 ஏப்ரல் 21 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இறந்த செய்தியை உலகுக்கு அறிவித்தவர் இவரே. சட்டம் அனுமதிப்பதெல்லாம் பீடத்தின் முன் தகாது என்பதையே அவர் தடை உணர்த்தியது.

ஒலிவத் தோட்டத்தில் இராயப்பரிடமும் வாள் இருந்தது. தம் சீடரிடம் வாள்கள் உள்ளதை ஆண்டவர் இராவுணவின் போதே அறிந்திருந்தார். இராயப்பர் வாளை உருவியது பேராசையாலன்று; தாம் நேசித்தவரைக் காப்பதற்கே. எனினும் வெட்டுண்டது தலைமைக் குருவின் ஓர் ஊழியனின் காது. ஆண்டவர் வாளை மீண்டும் உறையில் போடச் சொன்னார். பகைவனின் காதைத் தொட்டுக் குணப்படுத்தினார். துப்பாக்கி உறையில் இருக்க வேண்டும் என்று டெக்ஸாஸ் சட்டமும் சொல்கிறது. ஆனால் சட்டம் இரும்பைத்தான் உறையிலிடக் கூடும். அச்சத்தையும் சினத்தையும் உறையிலிடுவது அருளின் வேலை.

அந்தத் தாய்க்கு நம் விடை இதுவே. அம்மா, கடையில் நின்ற அம்மனிதரைப் பாவி என்று சொல்லாதீர்கள். தம் பிள்ளையைக் காக்கவே அதனை அணிந்திருக்கலாம். ஆனால் அதனைக் கண்டு உங்கள் மகன் அஞ்சினானே, அவ்வச்சத்துக்கும் அவர் கடவுள் முன் கணக்குக் கொடுக்க வேண்டும். தன்னைக் காக்கும் உரிமை உடையவன், அயலான் நெஞ்சிலுள்ள அமைதியைக் காக்கவும் கடமைப்பட்டவன்.

நம் இடுப்பில் துப்பாக்கி இல்லை. ஆனால் வேலித் தகராறிலும் குழாயடிச் சண்டையிலும் நாம் உருவும் சொற்கள் உண்டு. ஆயுதம் தாங்கியவரே ஏச்சுக்கு மறுமொழி கூறாமல் விலகக் கற்கிறார் என்றால், வெறுங்கையினராகிய நாம் கற்பதற்கு என்ன தடை? இன்றிரவு குடும்பச் செபத்தில், டாலஸில் உள்ள அம்மகனுக்காகவும், அவன் முன் நின்ற அத்தந்தைக்காகவும், மிட்டாய் கேட்ட அப்பிள்ளைக்காகவும் ஓர் அருள் நிறை மந்திரம் சொல்வோம்.