காபிக்கு முன்னால் நாலு மாத்திரை

பிராஸ்டேட் கேன்சர் எலும்புக்குப் பரவிவிட்டது என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்த வீட்டில் முதல் வாரம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இன்னும் எவ்வளவு நாள்?" இரண்டாவது மாதத்திலிருந்து கேள்விகளே மாறிவிடும். மாத்திரையைக் காபிக்கு முன்னால் போடணுமா, பின்னால் போடணுமா? ராத்திரி ரெண்டு மணிக்குச் சட்டை நனைய வேர்க்கிறதே, காய்ச்சலா? பேத்தி கல்யாணத்துக்குத் திருச்செந்தூர் வரைக்கும் பஸ்ஸில் போகலாமா? முதல் கேள்விக்கு எந்த டாக்டரும் தேதி குறித்துத் தரமாட்டார். மற்ற கேள்விகளுக்குப் பதில் உண்டு. ஆனால் வெளியே ஐம்பது பேர் காத்திருக்கும்போது அவற்றைக் கேட்க வாய் வருவதில்லை. டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பேசுவோம்.

இந்த நோயோடு வாழ்கிறவரும் கூட இருப்பவர்களும் பழகிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உடம்பில் எது நடந்தாலும், 'இது நோய் செய்வதா, மருந்து செய்வதா' என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இது தெரியாததால்தான் பல வீடுகளில் அசதி வந்தால் "முடியப் போகுது" என்று அழுகிறார்கள். முதுகு வலித்தால் "வயசாச்சு, வாயு" என்று தைலம் தேய்க்கிறார்கள். இரண்டும் தலைகீழ்.

பிராஸ்டேட் என்பது மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி இருக்கும் சிறு சுரப்பி. ஆண்களுக்கு மட்டுமே உண்டு. அங்கே தொடங்கிய கேன்சர் பெரும்பாலும் முதுகெலும்பு, இடுப்பெலும்பு பக்கம்தான் பரவும். எலும்பில் போய் உட்கார்ந்தாலும் அது எலும்புக் கேன்சர் ஆகிவிடாது. அங்கே இருப்பதும் பிராஸ்டேட் செல்தான். அதனால் மருந்தும் பிராஸ்டேட்டுக்கான மருந்துதான். பரவிய பிறகு வேரோடு பிடுங்க முடியாது என்பது உண்மை. ஆனால் அடக்கி வைக்கலாம். அப்படி வருஷக் கணக்கில் வேலைக்குப் போய்வருகிறவர்களும், வயலைப் பார்த்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எப்படி அடக்குகிறார்கள்? 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் ஒன்றைக் காட்டினார். இந்தக் கேன்சர் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைத் தின்றுதான் வளர்கிறது. அதை நிறுத்தினால் கட்டி சுருங்குகிறது. 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இத்தனை புது மருந்துகள் வந்த பிறகும் சிகிச்சையின் அடிப்படை அதுதான். அந்த ஹார்மோனைச் சுரக்கும் விதைகளை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். அல்லது அந்தச் சுரப்பை அடக்க மாதத்துக்கு ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ ஊசி போடலாம். ஆபரேஷன் என்றால் காசில்லாதவர்களுக்கான மட்டமான வைத்தியம் என்று நம்மூரில் ஒரு நினைப்பு. அப்படி இல்லை. ஹார்மோனைக் குறைப்பதில் இரண்டுக்கும் பலன் ஒன்றுதான். ஆபரேஷன் ஒரே தடவையில் முடிந்துவிடும், திரும்பப் பெற முடியாது. ஊசிக்குத் தேதி தவறாமல் போகவேண்டும், செலவு தொடரும். மனசு எதற்கு ஒப்புகிறது என்பது அவரவர் விஷயம். நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்க்காரருக்கு ஆபரேஷன் பெரிய நிம்மதி என்பேன்.

இனிமேல்தான் வீட்டு விஷயம். வளர்ந்த ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 300 முதல் 1,000 நானோகிராம் வரை இருக்கும். சிகிச்சை அதை 50க்கும் கீழே இறக்குகிறது. சில வாரங்களில் என்ன ஆகும்? திடீரென்று மார்பிலிருந்து முகத்துக்கு அனல் ஏறும். வேர்த்துக் கொட்டும். சட்டென்று குளிரும். எரிச்சல் வரும், காரணமில்லாமல் கண் கலங்கும். வயிறு பெருக்கும், தொடை மெலியும். தாம்பத்திய ஆசை போய்விடும். ஆண்கள் இதை யாரிடமும் சொல்வதில்லை. நோய் தலைக்கேறிவிட்டது என்று தாங்களே முடிவுகட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்கள்.

வீட்டில் இதைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளக்கூடியவர் ஒருவர் உண்டு. என் உறவுக்காரப் பெரியப்பா ஒருவர் நடுராத்திரி ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பெரியம்மாதான் சொன்னார்: "என்னங்க, எனக்குத் தீட்டு நின்னப்ப வந்துச்சே, அதுதாங்க இது. அப்ப நீங்க என்னைத்தான் சிடுசிடுக்கிறேன்னு திட்டுனீங்க." மருத்துவமும் அதைத்தான் சொல்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் சில வருஷங்களில் நடப்பது, இவர்களுக்குச் சில வாரங்களில் நடந்துவிடுகிறது. பருத்திச் சட்டை, தலைமாட்டில் ஒரு துண்டு, சாயங்காலத்துக்கு மேல் சூடான காபியும் காரமும் குறைவு என்று பெரியம்மா போட்ட சட்டங்கள் எல்லாமே சரியானவை. அதையும் மீறித் தூக்கம் கெட்டால் அனலைக் குறைக்க மாத்திரைகள் உண்டு. டாக்டரிடம் கேட்க வேண்டும். ஆசை குறைந்ததைப் பற்றியும் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு தடவையாவது வாய்விட்டுப் பேசிவிடுவது நல்லது. பேசாவிட்டால் இவர் விலகிப் படுப்பார், அவர் தன்னை வெறுத்துவிட்டதாக நினைப்பார். மருந்து செய்கிற வேலைக்குக் குடும்பம் பழி சுமக்கும்.

அசதியும் பெரும்பாலும் மருந்தின் வேலைதான். "ஓய்வெடுங்கப்பா" என்று மகன் கையிலிருந்து காய்கறிப் பையைப் பிடுங்குவது பாசம்தான். ஆனால் அது அசதியைக் கூட்டும். ஹார்மோன் இல்லாத உடம்பில் தசை தானாகக் கரையும், வேலை கொடுத்தால் மட்டும் நிற்கும். நடை போதாது, தசைக்கும் வேலை வேண்டும். நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்குவது போன்றவையே போதும். எலும்பில் எங்கே பரவியிருக்கிறது என்று காட்டி, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று பிசியோதெரபிஸ்டிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இந்தச் சிகிச்சையில் ஏறக்கூடும் என்பதால் நடைக்கு இரட்டைப் பலன்.

இப்போது காபி. ஊசியோடு அபிராட்டரோன் என்ற மாத்திரையைப் பலருக்கும் கொடுக்கிறார்கள். விதை தவிர அட்ரீனல் சுரப்பியிலும் கேன்சர் செல்லுக்குள்ளேயும் ஊறுகிற கொஞ்சநஞ்ச ஹார்மோனையும் அது நிறுத்திவிடும். வழக்கமான அளவு 250 மில்லிகிராம் மாத்திரை நாலு, வெறும் வயிற்றில். அதாவது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். போட்ட பிறகு ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் சாப்பிடக்கூடாது. பால் விட்ட காபியும் சாப்பாட்டுக் கணக்குத்தான். கொழுப்புள்ள உணவோடு போட்டால் உடம்பில் சேரும் அளவு பத்து மடங்கு வரை கூடிவிடும். நெய் தோசையோடு நாலு மாத்திரை போட்டவருக்குப் பக்கவிளைவும் அதற்கேற்ப வரலாம். இந்தக் குணத்தையே பயன்படுத்திச் சில டாக்டர்கள் ஒரே மாத்திரையைக் காலை டிபனோடு போடச் சொல்வதும் உண்டு, செலவு கால்வாசியாகும். இரண்டு முறைகளில் உங்களுடையது எது என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு மாறாதீர்கள்.

கூடவே ஒரு சின்ன மாத்திரை கொடுப்பார்கள், பிரெட்னிசோலோன். அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடவேண்டும். 'ஸ்டீராய்டாமே' என்று பயந்து தானாக நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது கூடவே கூடாது. பெரிய மாத்திரையால் அழுத்தம் ஏறாமல், பொட்டாசியம் குறையாமல், கால் வீங்காமல் பார்த்துக்கொள்வதே அந்தச் சின்ன மாத்திரைதான். ஆரம்ப மாதங்களில் ஈரல் பரிசோதனையும் பொட்டாசியமும் அடிக்கடி பார்ப்பார்கள். அந்த ரத்தப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். முள்சீத்தா இலைக் கஷாயம், மூலிகைப் பொடி என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி வையுங்கள், மறுத்தால் வருத்தப்படுவார்கள். ஆனால் டாக்டரிடம் காட்டாமல் குடிக்க வேண்டாம், ஈரலுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

எலும்புக்கு வருவோம். இங்கே விளையாட்டே வேண்டாம். நோய் எலும்பைப் பலவீனமாக்குகிறது. ஹார்மோன் இல்லாததால் மற்ற எலும்புகளும் மெலிகின்றன. அதனால் கால்சியமும் வைட்டமின் டியும் தருவார்கள். சோலெட்ரோனிக் ஆசிட் டிரிப்போ டெனோசுமாப் ஊசியோ போடுவதும் உண்டு. அந்த ஊசிகளைத் தொடங்குமுன் பல் டாக்டரைப் பாருங்கள். பிடுங்கவேண்டிய பல்லை முன்னாலேயே பிடுங்கிவிடுங்கள். ஊசி ஆரம்பித்த பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகிற ஆபத்து உண்டு. குளியலறையில் ஒரு கைப்பிடி, ராத்திரி மூத்திரத்துக்கு எழுந்து போகிற வழியில் ஒரு விளக்கு, முடிந்தால் உட்கார்ந்து போகிற டாய்லெட். இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு, ஒரு இடுப்பெலும்பு முறிவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

முதுகு வலிக்கிறது என்று சுளுக்கு எடுப்பவரிடம் போய் நீவிவிடச் சொல்லாதீர்கள். அந்த முதுகெலும்பில் எந்தக் கணு பலவீனமாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. முதுகில் புதிதாக ஒரு வலி, படுத்தால் கூடுகிற வலி, கால் வலுவிழந்து தடுமாறுவது, இடுப்புக்குக் கீழே மரத்துப்போவது, மூத்திரமோ மலமோ கட்டுப்பாடு தவறுவது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்கக் கூடாது. கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது என்று பொருள் இருக்கலாம். இது மருந்தின் வேலை இல்லை, நோயின் வேலை. நடக்க முடிகிற நிலையில் வந்தவர்களைப் பெரும்பாலும் நடக்கும்படியே காப்பாற்றிவிட முடிகிறது. கால் முழுதும் செயலிழந்த பிறகு வந்தால் மீட்பது கஷ்டம். வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்யவேண்டிய பட்டியல் இது ஒன்றுதான்.

பிராஸ்டேட் செல்கள் விடுகிற புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. பரிசோதனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கவலைப்படுகிறவர்கள்தான் அதிகம். ரிப்போர்ட் வருகிற வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. 0.8 போன தடவை, 1.1 இந்தத் தடவை என்றால் வானம் இடிந்துவிடாது. டாக்டர் பார்ப்பது ஏறுகிற போக்கையும், ஸ்கேனையும், ஆள் எப்படி இருக்கிறார் என்பதையும் சேர்த்துத்தான். ஹார்மோன் அடங்கியிருந்தும் எண் விடாமல் ஏறினால் அடுத்த மருந்துக்கு மாறுவார்கள். என்சாலுட்டமைடு இருக்கிறது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுகிற டோசிடாக்சல் கீமோ இருக்கிறது, வேறு சிலவும் உண்டு.

பணம்தான் பலரை நோயைவிட அதிகம் வாட்டுகிறது. அபிராட்டரோனை இந்தியக் கம்பெனிகள் பல தயாரிக்கின்றன, விலை வித்தியாசமும் பெரியது. மலிவான ஜெனரிக் எழுதச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும் என்று ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் காப்பீட்டு மேசையில் சிகிச்சை தொடங்கும் முன்பே விசாரியுங்கள். சிகிச்சைக்குப் போய்வர ரயிலில் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தருவார்.

வலி கூடினால் மார்ஃபின் மாத்திரை தருவார்கள். பெயரைக் கேட்டதுமே 'கடைசி மருந்து' என்று நடுங்குகிறோம். அது கடைசி மருந்தல்ல, வலி மருந்து. கதிர்வீச்சு கொடுத்து எலும்பு வலி அடங்கியதும் அளவைக் குறைப்பவர்கள், நிறுத்திவிடுபவர்கள் எல்லாம் உண்டு. டாக்டர் சொன்ன அளவில், வலிக்காகப் போடுபவர் போதைக்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் மட்டும் பெரும்பாலும் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் இது கிடைப்பதே அரிதாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வாங்கித் தருவதை எளிதாக்கினார்கள். நடமாட முடியாதவருக்கு வீடு தேடி வந்து வலி நிவாரணப் பராமரிப்பு தருவது, 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம்.

கடைசியாக ஒரு பரிசோதனை. பரவிய பிராஸ்டேட் கேன்சர் உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, பிறவியிலேயே வந்த மரபணுப் பிழை இருப்பது தெரிகிறது. பி.ஆர்.சி.ஏ.2 அவற்றில் முக்கியமானது. ரத்தமோ எச்சிலோ கொடுத்தால் போதும். இருந்தால் அவருக்கே ஒலாபரிப் என்ற வேறு வகை மாத்திரை பயன்படலாம். பிழை பிள்ளைகளுக்குப் போக ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணன் தம்பிக்கும் மகனுக்கும் சொல்லிவிடுவார்கள், ஆம்பளைங்க விஷயம் என்று மகளை விட்டுவிடுவார்கள். அந்தப் பிழை அவளுக்கு வந்தால் மார்பகக் கேன்சரும் சினைப்பைக் கேன்சரும் வருகிற ஆபத்து கூடும். கட்டிக்கொடுத்து அனுப்பிய மகளுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்.