உளூச் செய்யும்போது கால்களையும் பார்ப்போம்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் சில மனதை மிகவும் வருத்துகின்றன. "வாப்பாவுக்குச் சர்க்கரை. கால் விரலை எடுத்துவிட்டார்கள். மருந்துச் செலவுக்கு உதவுங்கள்" என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள். எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால், "செருப்பு கடித்த புண்தான், வலி இல்லை என்று விட்டுவிட்டார்" என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும்.

வலி இல்லாததுதான் இங்கே ஆபத்து. பல வருடங்கள் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் பாதத்தின் நரம்புகள் பாதிக்கப்பட்டு உணர்ச்சி குறைகிறது. முள் குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைவதால் புண் ஆறத் தாமதமாகிறது. அதற்குள் கிருமி உள்ளே இறங்கிவிடுகிறது.

ஐந்து வேளை, ஒரு பார்வை

அல்ஹம்துலில்லாஹ், ஒரு நாளைக்கு ஐந்து வேளை கால் கழுவும் பழக்கம் நமக்கு இருக்கிறது. விரல்களுக்கிடையே விரல் விட்டுக் கோதிக் கழுவுவதை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். இத்துடன் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்வோம்.

ஒன்று, ஈரம். விரலிடுக்கில் ஈரத்தோடு சாக்ஸும் ஷூவும் போட்டால் சேற்றுப்புண் வரும். எனவே காலணி போடும் முன் விரலிடுக்குகளை ஒற்றித் துடைத்துவிடுங்கள். இதற்கென ஒரு சிறிய பருத்தித் துணியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சேற்றுப்புண் தொற்றக்கூடியது என்பதால் பொதுத் துண்டு வேண்டாம்.

இரண்டு, பார்வை. தினமும் ஒரு வேளை, இஷாவுக்குப் பிறகு என்றால் வசதி, நல்ல வெளிச்சத்தில் இரு பாதங்களையும் பாருங்கள். வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, வீக்கம், நிறமாற்றம் இருக்கிறதா என்று கவனியுங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம். கண் சரியாகத் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். அதுவும் ஒரு கித்மத்துதான்.

நகம்

நகம் வெட்டுவதை நாற்பது நாட்களுக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ். வாரம் ஒருமுறை ஜும்ஆவுக்கு முன் கை நகங்களைப் பார்ப்பது நல்ல பழக்கம். கால் நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரங்களைத் தோண்டினால் நகம் சதைக்குள் வளரும். பிளேடு வேண்டாம், நகவெட்டியே போதும். ஆளுக்கொன்று இருந்தால் நல்லது.

பித்தவெடிப்பும் கால் ஆணியும்

பித்தவெடிப்புக்கு, வெதுவெதுப்பான நீரில் கால்களைச் சிறிது நேரம் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் தடவுங்கள். விரலிடுக்கில் மட்டும் தடவக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் நீரின் சூட்டைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் சோதிக்கவும். கால் ஆணியை வீட்டில் அறுப்பதும், கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்திரி ஒட்டுவதும் இவர்களுக்கு ஆகாது. லுஹர் நேரத்தில் கொதிக்கும் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். உம்ரா, ஹஜ் செல்வோர் இதை மறக்கவே கூடாது. காலணி போடும் முன் உள்ளே கல், ஆணி இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.

கைகள்

பாத்திரம், துணி என்று நாள் முழுவதும் சோப்பு நீரில் கை வைக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு நகச்சுற்று அடிக்கடி வரும். வேலை முடிந்ததும் கையை உலர்த்தி எண்ணெய் தடவினால் பாதித் தொல்லை குறையும். பெருநாளுக்கு மருதாணி வைப்பவர்கள் அரைத்த இலையையே வையுங்கள். உடனே கறுப்பாகப் பிடிக்கும் கோன்களில் முடிச்சாய ரசாயனம் கலந்திருக்கலாம். அது சிலருக்குக் கொப்புளத்தையும் நீங்காத தழும்பையும் உண்டாக்கும்.

எப்போது மருத்துவரிடம்?

சர்க்கரை உள்ளவருக்குக் காலில் எந்தப் புண் வந்தாலும், வலி இல்லாவிட்டாலும், அன்றே அல்லது மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். சீழ், நாற்றம், கறுப்பு நிறம், காய்ச்சல் இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

தொழுகை விடுபடுமோ என்ற கவலையில் சிலர் கட்டைப் பிரித்துப் புண்ணை நனைக்கிறார்கள். நனைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னால், கட்டின் மேல் ஈரக்கையால் தடவ மார்க்கத்தில் சலுகை உண்டு. முறையை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விரலை எடுத்த பிறகு நாங்கள் தரும் உதவித்தொகை அந்த விரலைத் திருப்பித் தராது. இன்றிரவே வீட்டுப் பெரியவர்களின் கால்களை ஒருமுறை பாருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.