மீன்வளம் காக்கக் கணக்கறிந்த வல்லுநர்கள்

"மீன் பிடிப்பதற்கும் ஒரு பட்டப் படிப்பா?" என்று உழவர் பயிற்சி முகாம்களில் பெரியவர்கள் கேட்பது உண்டு. நியாயமான கேள்விதான். வலை வீசுவதை மீனவர் தம் தந்தையிடமே கற்றுக்கொள்கிறார். அதற்குக் கல்லூரி தேவையில்லை. ஆனால் ஒரு நீர்ப்பரப்பில் எத்தனை வலைகள் வீசலாம், எப்போது நிறுத்த வேண்டும், செய்த செலவு கட்டுபடியாகுமா, அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு மீனை நீரிலேயே விட்டுவைக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை காண்பது தனி ஒரு துறையாகும். அதனையே மீன்வளப் பொருளியல், மீன்வள மேலாண்மை என்கிறோம். இத்துறை வல்லுநர்கள் எவ்வாறு உருவாகிறார்கள், பண்ணைக் குட்டை வைத்திருப்போருக்கும் கண்மாயில் மீன்பாசிக் குத்தகை எடுப்போருக்கும் இவ்வறிவு எவ்வாறு பயன்படும் என்பதை இங்குக் காண்போம்.

வரப்பில்லாத வயல்

நெற்பயிருக்குத் தழைச்சத்து இடுவதை எண்ணிப் பாருங்கள். முதல் மூட்டை யூரியா தரும் கூடுதல் விளைச்சலை அடுத்த மூட்டை தருவதில்லை. அளவுக்கு மீறி இட்டால் பயிர் சாய்கிறது. இலைச்சுருட்டுப் புழுவும் பெருகுகிறது. நட்டத்தைக் கண்ட உழவர் அடுத்த பருவத்தில் அளவைக் குறைத்துக்கொள்கிறார். வயலும் அவருடையது, நட்டமும் அவருடையது என்பதே காரணம்.

கடலுக்கு வரப்பு இல்லை. ஒருவர் வளரட்டும் என்று விட்டுவைத்த மீனை மறுநாள் மற்றொருவர் பிடித்துச் செல்வார். விட்டுவைத்தவருக்கு ஊதியம் இல்லை, பிடித்தவருக்கு உண்டு. எனவே ஒவ்வொருவரும் தமக்கு முடிந்த அளவு பிடிக்க முனைகின்றனர். கட்டுப்பாடற்ற மேய்ச்சல் புறம்போக்கில் எல்லாரும் ஆடுகளைப் பெருக்கினால் புல் முளைக்க இடமின்றிப் போவதும் இப்படித்தான்.

கனடா நாட்டுப் பொருளியல் அறிஞர் ஸ்காட் கார்டன் 1954-இல் இதனைத் தெளிவாக விளக்கினார். எவரும் நுழையலாம் என்று திறந்துவிடப்பட்ட மீன்வளத்தில், இலாபம் முழுவதும் கரையும் வரை படகுகள் பெருகிக்கொண்டே இருக்கும் என்பது அவர் கண்ட முடிவு. அதே ஆண்டில் அமெரிக்க உயிரியல் அறிஞர் மில்னர் ஷேபர், பிடிக்கும் முயற்சிக்கும் கிடைக்கும் மீனுக்கும் உள்ள தொடர்பைக் கணக்காக வகுத்துக் கொடுத்தார். இவ்விருவர் கருத்துகளும் சேர்ந்ததே இன்றும் மாணவர்களுக்கு முதற்பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

ஓர் எளிய கணக்கு

ஒரு விரிகுடாவில் சில படகுகள் பல ஆண்டுகள் தொடர்ந்து தொழில் செய்வதாகக் கொள்வோம். மீன் விலை கிலோ 100 ரூபாய், அதாவது டன்னுக்கு 1 இலட்சம். ஒரு படகுக்கு ஆண்டுச் செலவு 5 இலட்சம். படகுகள் கூடக்கூட ஒவ்வொரு படகுக்கும் கிடைக்கும் மீன் குறையும். கீழே உள்ளவை விளக்கத்திற்காக எடுத்துக்கொண்ட எண்களே.

| படகுகள் | ஒரு படகுக்கு (டன்) | மொத்த மீன் (டன்) | மொத்தச் செலவு (இலட்சம் ரூ.) | நிகர வருவாய் (இலட்சம் ரூ.) |
|---|---|---|---|---|
| 10 | 17.5 | 175 | 50 | 125 |
| 20 | 15.0 | 300 | 100 | 200 |
| 30 | 12.5 | 375 | 150 | 225 |
| 40 | 10.0 | 400 | 200 | 200 |
| 50 | 7.5 | 375 | 250 | 125 |
| 60 | 5.0 | 300 | 300 | இல்லை |

இதிலிருந்து மூன்று உண்மைகள் விளங்கும். முதலாவதாக, மீன் மிகுதியாகக் கிடைப்பது 40 படகுகளில். ஆனால் நிகர வருவாய் மிகுதியாக இருப்பது 30 படகுகளில். மிகு விளைச்சலும் மிகு இலாபமும் ஒன்றல்ல. இரண்டாவதாக, 50 படகுகள் பிடிக்கும் மீனை 30 படகுகளே பிடித்துவிடும். மேலும் 20 படகுகளுக்கான டீசலும் வலையும் கடனும் வீண். மூன்றாவதாக, தடை ஏதுமின்றி விட்டுவிட்டால் படகுகள் 60 வரை பெருகும். அப்போது எல்லாரும் உழைப்பார்கள். எவருக்கும் மிச்சம் இராது.

இக்கணக்கைக் கண்டறிந்து, 60 படகுகளை 30 ஆகக் குறைப்பதற்கு வழி சொல்லி, விலகும் 30 குடும்பங்களின் பிழைப்புக்கும் மாற்று காண்பதே மேலாண்மை வல்லுநரின் பணி. கணக்கு எளிது, குடும்பங்களின் பிழைப்புக்கு வழி காண்பது கடினம்.

ஒரு கடல் வற்றிய வரலாறு

கணக்குத் தவறினால் நேரும் இழப்புக்குக் கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவு ஒரு பாடம். அக்கடலில் காட் என்னும் மீனை ஏறத்தாழ 500 ஆண்டுகள் பிடித்து வந்தனர். 1960-களில் பல நாடுகளின் பெரிய இழுவலைக் கப்பல்கள் அங்கு வந்து குவிந்தன. 1968-இல் பிடிப்பு ஏறத்தாழ 8 இலட்சம் டன்னாக உயர்ந்து, பின்னர் வேகமாகச் சரிந்தது. 1977-இல் கனடா தன் கடல் எல்லையை 200 மைலாக விரித்து அயல்நாட்டுக் கப்பல்களைக் கட்டுப்படுத்தியது. ஆனால் அந்த இடத்தைச் சொந்த நாட்டுக் கப்பல்கள் நிரப்பின.

மீன் இருப்பைக் கணித்தவர்கள் பெரிய கப்பல்களின் பிடிப்பளவை மிகவும் நம்பினர். காட் மீன் கூட்டமாகச் சேரும் இயல்புடையது. கடலில் மீன் குறைந்த போதும், கருவிகளின் துணையால் எஞ்சிய கூட்டத்தைக் கப்பல்கள் தேடிப் பிடித்தன. பிடிப்புக் குறையவில்லை என்பதால் இருப்பும் குறையவில்லை என்று கருதினர். கரையோரத்துச் சிறு படகு மீனவர்கள் 1980-களிலேயே, மீன் குறைகிறது, கிடைப்பதும் சிறிதாக இருக்கிறது என்று முறையிட்டனர். அவர்கள் சொல் உரிய காலத்தில் ஏற்கப்படவில்லை.

1992 ஜூலையில் அரசு காட் பிடிப்பதை முற்றிலும் நிறுத்தியது. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர். 2 ஆண்டுகளுக்கு என்று அறிவிக்கப்பட்ட தடை, 32 ஆண்டுகள் கழித்து 2024-இல்தான் நீங்கியது. அப்போதும் அந்த ஆண்டுக்கு அனுமதிக்கப்பட்டது 18,000 டன் மட்டுமே. விதை நெல்லைச் சமைத்து உண்ட வீட்டில் மறு ஆண்டு நாற்றங்கால் இராது என்பதை நம் உழவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வல்லுநர் எவற்றைக் கற்கிறார்?

1. மீன் இருப்பைக் கணித்தல்: நீருக்கடியில் உள்ளதை எண்ண முடியாது. ஆகவே கரைக்கு வந்த மீனின் நீளம், எடை, முட்டைப் பருவம் ஆகியவற்றைக் கொண்டு கணிக்கிறார்கள். குளிர்நாட்டு மீனின் செவிக்கல்லில் மரத்தின் ஆண்டு வளையம் போன்ற கோடுகள் தெளிவாக இருக்கும். நம் வெப்பக் கடல்களில் அக்கோடுகள் பெரும்பாலும் தெளிவாக இருப்பதில்லை. எனவே ஆயிரக்கணக்கான மீன்களின் நீளத்தை அளந்து வயதை மதிப்பிட வேண்டியுள்ளது.

2. செலவு வரவுக் கணக்கு: படகு, வலை, எரிபொருள், பனிக்கட்டி, கூலி, வட்டி, தேய்மானம் எனப் பிரித்து, எந்தத் தொழில்முறை யாருக்கு எவ்வளவு மிச்சம் தருகிறது என்று காண்பது.

3. கட்டுப்பாட்டு முறைகள்: படகு உரிமம், வலைக்கண் அளவு, தடைக்காலம், பிடிப்புக்கு உச்சவரம்பு ஆகியவற்றின் நன்மை தீமைகளை ஒப்பிடுவது.

4. மக்களோடு பழகுதல்: மீனவர் பஞ்சாயத்து, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றோடு கலந்து விதிகளை வகுப்பது. நியூபவுண்ட்லாந்தில் தவறியது இந்தப் பாடமே. ஊர்மக்கள் கூடித் தாமே விதி வகுத்துக்கொண்டு பொதுவளத்தை நெடுங்காலம் காக்க முடியும் என்பதைப் பல நாட்டுச் சான்றுகளுடன் நிறுவிய எலினார் ஆஸ்ட்ராம் அம்மையாருக்கு 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

தமிழகத்தில் நடைமுறை

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் இயற்றப்பட்டது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கி, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. மீன்கள் இனம் பெருகுவதற்கு இடம் கொடுப்பதே நோக்கம். வேலையற்ற அந்நாட்களில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. எந்த நாட்களில் தடை, எத்தனை நாட்கள், அதன் பாரம் யார்மீது விழுகிறது என்பனவெல்லாம் உயிரியலும் பொருளியலும் ஒருங்கே கற்றவர் ஆராய வேண்டியவை.

இதற்கு அடிப்படையான பிடிப்புக் கணக்கைக் கொச்சியில் தலைமையிடம் கொண்டுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் திரட்டி வருகிறது. 1947-இல் தொடங்கப்பட்ட நிலையம் இது. எல்லா இறங்குதளங்களிலும் எல்லா நாட்களும் எடை போட இயலாது. ஆகவே சில தளங்களைச் சில நாட்களில் மாதிரியாகத் தேர்ந்து, அதிலிருந்து முழுப் பிடிப்பையும் மதிப்பிடுகின்றனர். நெல் விளைச்சலை மதிப்பிட நம் ஊர் வயல்களில் நடக்கும் பயிர் அறுவடைச் சோதனையும் இதே முறைதான்.

எங்கே படிக்கலாம்?

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கப்பட்டது. 2012-இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளத்திற்கெனத் தனிப் பல்கலைக்கழகம் அமைந்தபின் அதன் கீழ் இயங்குகிறது. மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பாடங்கள் படித்த மாணவ மாணவியர் இங்கு 4 ஆண்டு இளநிலை மீன்வள அறிவியல் பட்டப் படிப்பில் சேரலாம். 1961-இல் தொடங்கப்பட்ட மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிலையத்தில், மீன்வளப் பொருளியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு முதுநிலை படிக்கலாம். ஆய்வுப் பட்டமும் பெறலாம்.

பணியில் உள்ளோருக்கு வெளிநாட்டுப் பயிற்சிகளும் உண்டு. ஐஸ்லாந்து ஒரு சிறிய நாடு; மீனே அதன் பெருஞ்செல்வமாக இருந்து வந்துள்ளது. 1984-இல் காட் மீனுக்குப் படகு வாரியாகப் பிடிப்பளவு வகுத்தது. அங்கு 1998 முதல் வளரும் நாடுகளின் மீன்துறை அலுவலர்களுக்கு 6 மாதப் பயிற்சி நடைபெறுகிறது. 2020 முதல் யுனெஸ்கோவின் ஆதரவில் உள்ள இப்பயிற்சியில் மீன் இருப்புக் கணிப்பு, மேலாண்மைக் கொள்கை, மீனின் தரம் காத்தல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன.

உங்கள் குட்டைக்கும் இதே கணக்கு

மேற்சொன்ன அறிவைச் சிறு உழவர் தம் குட்டையிலேயே பயன்படுத்தலாம். 1 ஏக்கர் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால், புல்கெண்டை போன்றவற்றின் விரலளவு குஞ்சுகள் 2,000 விட்டு வளர்ப்பதாகக் கொள்வோம். எப்போது அறுவடை செய்வது?

மாதம் ஒருமுறை 25 அல்லது 30 மீன்களைப் பிடித்து எடை பார்த்து உடனே நீரில் விட்டுவிடுங்கள். சராசரி எடையையும் தேதியையும் நோட்டில் குறியுங்கள். மீன் வாரத்திற்கு 30 கிராம் வளர்வதாகத் தெரிந்தால், 2,000 மீனுக்கு 60 கிலோ கூடும். கிலோ 100 ரூபாய் என்றால் வாரத்தில் சேரும் மதிப்பு 6,000 ரூபாய். தீவனம், காவல் முதலிய வாரச் செலவு 4,500 ரூபாய் என்றால் மேலும் வளர்க்கலாம். வளர்ச்சி 15 கிராமாகக் குறைந்தால் சேருவது 3,000 ரூபாய். செலவோ அதே 4,500. அன்றே வலை போடுவது நல்லது. வழியில் இறந்த மீன்களைக் கழித்தே எண்ணிக்கை எடுக்க வேண்டும். எடை கூடிய மீனுக்குச் சந்தையில் கிலோவுக்குக் கூடுதல் விலை கிடைக்குமானால் அதனையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நீர் வற்றும் குட்டையில் நீர் இருப்பே முடிவு செய்யும்.

மீன்பாசி ஏலம் கேட்பதற்கு முன்பும் கணக்கு எழுதுங்கள். குஞ்சு, தீவனம், காவல், வலைக்கூலி, வண்டி வாடகை, கடன் வட்டி ஆகியவற்றை எதிர்பார்க்கும் விற்பனையிலிருந்து கழியுங்கள். உங்கள் உழைப்புக்குரிய கூலியையும் கழியுங்கள். எஞ்சுவதே நீங்கள் கேட்கக்கூடிய உச்சத்தொகை. ஏல மேடையில் எழும் போட்டியால் அதற்குமேல் கேட்டவர், போட்ட பணத்தை எடுக்கச் சிறு கண்ணி வலை போட்டுக் குஞ்சுகளையும் அரித்தெடுக்க நேரிடும். குத்தகைக் காலம் மிகக் குறுகியதாக இருந்தாலும் இதே நிலைதான். மறு ஆண்டு கண்மாய் யாருக்கோ என்றால் விட்டுவைக்க எவருக்கும் மனம் வராது. ஊர்க் கூட்டத்தில் குத்தகைக் காலத்தையும் வலைக்கண் அளவையும் முன்னதாகவே பேசி முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்வது எல்லாருக்கும் நன்மை தரும்.

இக்கணக்குகளில் ஐயம் எழுந்தால் அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தையோ வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். செல்லும்போது எடைக் குறிப்பு நோட்டையும் செலவுக் கணக்கையும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். கணக்கில்லாமல் கேட்டால் வல்லுநராலும் பொதுவாகவே பதில் சொல்ல முடியும்.

உழவர் வீட்டுப் பிள்ளைகளும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் இத்துறையைக் கற்க முன்வர வேண்டும். நிலத்தையும் நீரையும் அறிந்த வீட்டில் பிறந்தவர் கணக்கையும் கற்றுத் திரும்பினால், கரையில் நிற்கும் சிறு படகுக்காரரின் சொல்லைக் காது கொடுத்துக் கேட்பார். மீன் தானே வளரும். எப்போது, எவ்வளவு எடுப்பது என்பதை மட்டும் நாம் கற்றுக்கொண்டால் ஆண்டுதோறும் அறுவடை உண்டு.