வண்டி ஏன் இழுக்கவில்லை?

“வண்டி இழுக்கவில்லை” என்று ஓட்டுநர் ஒருவர் பணிமனைக்கு வந்து சொன்னால், அவ்விரண்டு சொற்களிலும் அவர் குடும்பத்தின் அம்மாத வரவு செலவே அடங்கியிருக்கிறது எனலாம். எறையூர், வேப்பந்தட்டை, பெரம்பலூர் வட்டாரங்களில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்போர் பலர். அவர்களுள் பலரிடம் இருப்பவை டர்போ டீசல் வண்டிகளே. நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி இன்று நெடுஞ்சாலையில் திடீரென வலுவிழக்கிறது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் ஏற மறுக்கிறது. “டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்று யாரோ சொல்கிறார்கள். அதன் விலையோ பல ஆயிரம் ரூபாய். தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஓட்டுநர் மேலும் கடன் வாங்கி அதை மாற்றுகிறார். மாற்றிய பின்னும் வண்டி இழுக்கவில்லை. ஏனெனில் பழுது டர்போவில் இல்லை. அதிலிருந்து புறப்படும் ரப்பர்க் குழாயில் விழுந்திருந்த ஒரு கீறலில் இருந்தது.

இத்தகைய வீண் இழப்பைத் தவிர்க்க இயலுமா? இயலும். அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. அழுத்தம், வெப்பம், அடர்த்தி என்று நாம் இயற்பியல் வகுப்பில் கற்றவையும், எளிதானதை முதலில் பார்ப்பது என்னும் ஒழுங்கும் போதும்.

காற்றே வலிமை

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் இல்லை. உருளைக்குள் இழுக்கப்பட்ட காற்று ஏறத்தாழ 16 முதல் 18 பங்குவரை நெருக்கப்படுகிறது. அந்த நெருக்கத்தில் காற்று செல்சியஸ் 500 பாகைக்கு மேல் சூடாகிறது. அச்சூட்டில் டீசலைத் தூவியதும் அது தானே பற்றிக்கொள்கிறது.

எரிவதற்குக் காற்று வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது. எவ்வளவு வேண்டும் என்பதைத்தான் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 1 கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், 1 லிட்டர் டீசலுக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்று என்று வரும். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் கார் பெரம்பலூரிலிருந்து 60 கிலோமீட்டர் தொலைவு சென்றால் 3 லிட்டர் டீசலையும், குறைந்தது 30,000 லிட்டர் காற்றையும் உட்கொள்கிறது. நாம் காசு கொடுத்து வாங்குவது டீசலை மட்டுமே. ஆகவே பழுது என்றவுடன் காற்றை மறந்துவிடுகிறோம்.

டர்போ செய்யும் வேலை

எஞ்சினின் அளவைப் பெருக்காமல் காற்றை மட்டும் மிகுதியாகச் செலுத்தினால், மிகுதியான டீசலை எரிக்கலாம். மிகுதியான வலிமை பெறலாம். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூச்சி 1905இல் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றுவது; அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் புதுக் காற்றை அமுக்கி உள்ளே அனுப்புவது. இதுவே டர்போ. சிறிய கார்களில் இத்தண்டு நிமிடத்திற்கு 1,50,000 முறைக்கு மேலும் சுழலும்.

கப்பல்களிலும் லாரிகளிலும் வழங்கிய இம்முறை, 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்டி வாயிலாக டீசல் காருக்கு வந்தது. நம் நாட்டில் 2005இல் டொயோட்டா இன்னோவாவும், 2007இல் மாருதி ஸ்விப்ட் டீசலும் வந்தபின் ஊருக்கு ஊர் டர்போ டீசல் கார்கள் பரவின. 1.3 லிட்டரே கொண்ட அந்த ஸ்விப்ட் எஞ்சின் 75 குதிரைத் திறன் தந்தது டர்போவின் துணையால்தான். 2020 ஏப்ரலில் பாரத் 6 புகை விதி நடைமுறைக்கு வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார்களைக் கைவிட்டது. எனினும் முன்னர் விற்ற வண்டிகள் கைமாறிக் கைமாறி இன்றும் ஓடுகின்றன. வயதான வண்டிகளில்தான் ரப்பர் வெடிக்கும், கரி படியும், ஓட்டுநருக்கு இந்த அறிவும் தேவைப்படும்.

தானே ஒடுங்கும் வண்டி

இக்காலக் கார்களில் ஒரு சிறு கணிப்பொறி எஞ்சினை ஆளுகிறது. காற்றின் அளவு, அதன் அழுத்தம், டீசலின் அழுத்தம் ஆகியவற்றை உணரிகள் அதற்கு இடைவிடாது தெரிவிக்கின்றன. “இவ்வளவு காற்றழுத்தம் வேண்டும்” என்று அது கேட்கிறது. “இவ்வளவுதான் வந்தது” என்று உணரி சொல்கிறது. இரண்டிற்கும் இடைவெளி மிகுந்தால் எஞ்சினைக் காக்கும் பொருட்டுக் கணிப்பொறி டீசலைக் குறைத்து, வீடு போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் வலிமை தருகிறது. முகப்பில் எஞ்சின் விளக்கு எரியும்.

ஆகவே திடீர்ச் சோர்வு இருவகைப்படும். காற்றோ டீசலோ உண்மையிலேயே குறைந்ததால் வருவது ஒன்று. ஏதோ ஒரு கேட்டைக் கண்டு கணிப்பொறி தானே வலிமையை ஒடுக்குவதால் வருவது மற்றொன்று. வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி மறுபடி கிளப்பியதும் பழைய வேகம் வந்துவிட்டால் அது பெரும்பாலும் இரண்டாம் வகை. இந்த ஒரு செய்தியை ஓட்டுநர் நினைவில் வைத்துச் சொன்னாலே மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்தது.

புகை சொல்லும் செய்தி

கருவியைத் தொடுமுன் புகைக்குழாயைப் பார்க்க வேண்டும். கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். அதனோடு “உஸ்” என்ற ஓசையும் கேட்டால் டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாயில் கிழிசலோ, கிளிப் தளர்ச்சியோ இருக்கலாம்.

புகையே இல்லாமல் வண்டி சோர்ந்தால் ஐயம் டீசல் பக்கம் திரும்ப வேண்டும். டீசல் பில்டர் அடைத்திருக்கலாம்; அதில் நீர் தேங்கியிருக்கலாம். இத்தகைய வண்டி ஊருக்குள் நன்றாக ஓடும். மேட்டிலும், முந்தும்போதும் மட்டும் திணறும். கணிப்பொறி டீசலைக் குறைத்துவிட்டபோதும் புகை இராது என்பதை மறத்தல் ஆகாது.

நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. டர்போவின் தண்டு தேய்ந்து ஆயில் கசிவதும் ஒரு காரணம். இங்கே மட்டும் டர்போவின் மீது முதல் ஐயம் கொள்வது நியாயம்.

எதிலிருந்து தொடங்குவது?

விலை குறைந்ததும் கைக்கு எட்டுவதும் முதலில். விலை மிகுந்ததும் கழற்ற அரியதும் கடைசியில். இதுவே முறை.

முதலாவது, ஏர் பில்டர். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைகளையும், எறையூர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டிகள் வரும் மண்பாதைகளையும் நினைத்தால் இதன் தேவை விளங்கும். கையேடு சொல்லும் கிலோமீட்டர் நல்ல சாலைக்கு உரியது. புழுதி வழிகளில் அதற்கு முன்பே பில்டரைப் பார்க்க வேண்டும். தாள் கிழிந்த பில்டர், பில்டரே இல்லாததற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, காற்றுக் குழாய்கள். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சின்வரை கையால் தடவிப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. குழாயின் அடிப்புறத்தில் புதிதாக ஆயில் ஈரம் தெரிந்தால் அங்கே காற்றும் கசிகிறது. வண்டி நிற்கும்போது மூடியிருக்கும் கீறல் அழுத்தத்தில் மட்டுமே வாய் திறக்கும், கண்ணுக்குத் தப்பிவிடும். குழாயை அடைத்து, அளவான காற்றழுத்தம் கொடுத்து, சோப்பு நீர் பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, டர்போவின் கட்டுப்பாடு. பல வண்டிகளில் வெற்றிட விசையால் ஒரு சிறு கம்பி அசைந்து டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. வெற்றிடத்தைக் கொண்டு செல்லும் மெல்லிய குழாய் எஞ்சின் சூட்டில் காய்ந்து வெடித்துவிடும். விலை மிகக் குறைவு. விளைவோ டர்போவே செத்தது போன்ற தோற்றம். சில டர்போக்களில் உள்ளே சிறு இதழ்கள் திறந்து மூடும். ஊருக்குள் மெதுவாகவே ஓடும் வண்டியில் அவற்றின்மேல் கரி படிந்து இறுகும். நெடுஞ்சாலையில் இதழ் திறவாததால் அழுத்தம் அளவு மீற, கணிப்பொறி வலிமையை வெட்டிவிடுகிறது. நிறுத்திக் கிளப்பினால் சரியாகி, மறுபடி வரும் நோய் பலவேளை இதுவே.

நான்காவது, டீசல் பில்டர். அடியிலுள்ள திருகைத் தளர்த்தி நீரை வடித்துப் பார்க்கலாம். அண்மையில் எங்கே டீசல் போட்டார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

ஐந்தாவது, புகை செல்லும் வழி. புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு கரியால் திறந்தபடி நின்றுவிட்டால் புதுக் காற்றுக்கு இடம் குறையும். 2020க்குப் பின்வந்த பாரத் 6 வண்டிகளில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் உண்டு. அது நெடுந்தொலைவு ஓட்டத்தின் சூட்டில் தன்னைத் தானே எரித்துத் தூய்மை செய்துகொள்வது. குறுந்தொலைவு மட்டுமே ஓடினால் அடைத்துக்கொள்ளும்.

இவையனைத்தும் சரியென்று கண்டபின்னரே டர்போவின் வாயைத் திறந்து, தண்டின் ஆட்டத்தையும் இதழ்களின் தேய்வையும் பார்க்க வேண்டும்.

குறி எண் தீர்ப்பன்று

கணிப்பொறியோடு இணைக்கும் ஸ்கேனர் இன்று சிறு பணிமனைகளிலும் உண்டு. அதில் பி 0299 என்று வந்தால் டர்போ அழுத்தம் குறைவு. பி 0234 என்றால் மிகுதி. பி 0087 என்றால் டீசல் குழாயில் அழுத்தம் குறைவு. இங்கேதான் பெரும்பிழை நேர்கிறது. “அழுத்தம் குறைவு” என்பதை “டர்போ கெட்டது” என்று படித்துவிடுகிறார்கள். கிழிந்த குழாய், அடைத்த பில்டர், வெடித்த வெற்றிடக் குழாய், பொய் சொல்லும் உணரி ஆகிய நான்கும் அதே எண்ணைத்தான் தரும். மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் நோயை அறிதலையும் அதன் காரணத்தை அறிதலையும் வெவ்வேறாக வைத்தார். ஸ்கேனர் முதலாவதைச் செய்கிறது. இரண்டாவது மனிதனின் வேலை.

ஸ்கேனரை இன்னும் நன்றாகப் பயன்படுத்தலாம். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் காற்றழுத்த உணரி சுற்றுப்புற அழுத்தத்தை, அதாவது ஏறத்தாழ 100 கிலோபாஸ்கலைக் காட்ட வேண்டும். அதுவே தவறினால் உணரியின் மீதே ஐயம். பிறகு வெறிச்சோடிய சாலையில் ஒருவர் வண்டியை முழு மிதியில் ஓட்ட, மற்றொருவர் கேட்ட அழுத்தத்தையும் வந்த அழுத்தத்தையும் குறிக்க வேண்டும். நிற்கும் வண்டியில் டர்போவின் நோய் தெரியாது; பாரம் ஏறும்போதே வெளிப்படும்.

டர்போவைக் கொல்வது எது?

டர்போ உண்மையாகவே கெடுவதும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் தானாகச் சாவதில்லை, பிறவற்றால் கொல்லப்படுகிறது. அதன் தண்டு எஞ்சின் ஆயிலின் மெல்லிய படலத்தில் மிதந்து சுழல்வது. ஆயிலைக் காலத்தில் மாற்றாவிட்டாலும், நெடுந்தூரம் விரைந்து வந்தவுடன் எஞ்சினை அணைத்தாலும் அந்த ஆயில் கருகி வழியை அடைக்கும். ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைப்பது நல்ல பழக்கம். கெட்டது ஏன் என்று காணாமல் புதிய டர்போவைப் பொருத்தினால், அடைத்த ஆயில் குழாய் அதையும் விரைவில் கொன்றுவிடும்.

நடுவழியில் செய்ய வேண்டியது

எறையூரிலிருந்து நோயாளி ஒருவரை ஏற்றித் திருச்சிக்கு விரையும் வண்டி பாடாலூர் அருகே சோர்கிறது என்று கொள்வோம். முதலில் முந்தும் எண்ணத்தை விட வேண்டும். எச்சரிக்கை விளக்கிட்டு இடப்புறம் ஒதுங்க வேண்டும். எஞ்சின் விளக்கு மட்டும் எரிந்து, வேறு ஓசையும் புகையும் இல்லையெனில் மெதுவாகச் செல்லலாம். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, நீலப் புகை எழுந்தாலோ, உலோகம் உரசும் ஓசை கேட்டாலோ உடனே அணைத்துவிட வேண்டும். நோயாளியை வேறு வண்டிக்கு மாற்ற வேண்டும். ஆயிலைத் தானே குடிக்கத் தொடங்கிய டீசல் எஞ்சின் சாவியை எடுத்தாலும் நில்லாமல் ஓடக்கூடும்.

மாணவ நண்பர்களே! நம் வீட்டிலோ தெருவிலோ வாடகைக் கார் ஓட்டும் அண்ணனோ மாமாவோ இருப்பார்கள். அடுத்த முறை அவர்கள் “வண்டி இழுக்கவில்லை” என்று சொன்னால் நாம் நான்கு கேள்விகள் கேட்கலாம். புகை என்ன நிறம்? விளக்கு எரிந்ததா? நிறுத்திக் கிளப்பியதும் சரியானதா? எப்போதும் சோர்கிறதா, மேட்டில் மட்டுமா? இவற்றின் விடைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பணிமனைக்குச் செல்லும் ஓட்டுநரிடம், சோதித்துப் பார்க்காமல் “டர்போ போய்விட்டது” என்று சொல்லுதல் எவர்க்கும் எளிதன்று.